ஹென்றி டிரைஃபஸ்

ஹென்றி டிரைஃபஸ் (மார்ச் 2, 1904 – அக்டோபர் 5, 1972) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த தொழில்துறை வடிவமைப்பாளர் ஆவார். தொலைபேசி, கடிகாரம், உழவு இயந்திரம், தொடருந்து, வெப்பநிலைக் கட்டுப்படுத்தி எனப் பல வகைப் பொருட்களை இவர் வடிவமைத்தார். பொருளின் வெளித்தோற்றத்தை அழகுபடுத்துவதே வடிவமைப்பு என்று பரவலாகக் கருதப்பட்ட காலத்தில், அப்பொருளைக் கையாளும் மனிதரின் உடலளவு, பழக்கம், தயக்கம் ஆகியவற்றிலிருந்து தம் பணியைத் தொடங்கினார். பயனர் அனுபவ வடிவமைப்பு என்னும் பெயர் தோன்றுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அத்துறையின் வழிமுறைகள் சிலவற்றை நடைமுறைப்படுத்தியதால், அதன் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார்.

இளமையும் நாடக அரங்கும்

டிரைஃபஸ் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். இவரது குடும்பத்தினர் நாடகங்களுக்குத் தேவையான உடைகளையும் பொருட்களையும் வழங்கும் தொழிலில் ஈடுபட்டிருந்தனர். கலைக்கல்வி பெற்ற பின், அரங்க வடிவமைப்பாளரான நார்மன் பெல் கெடிசிடம் பயிற்சி பெற்றார். நியூயார்க்கின் ஸ்டிராண்ட் திரையரங்கில் மேடை நிகழ்ச்சிகளுக்கும், பின்னர் பிராட்வே நாடகங்களுக்கும் அரங்குகள் அமைத்தார்.

1920களின் இறுதியில் அயோவா மாநிலத்தின் சூ நகரில் இருந்த ஆர்.கே.ஓ. நிறுவனத் திரையரங்கு ஒன்றிற்குக் கூட்டம் வராததன் காரணத்தைக் கண்டறிய இவர் அனுப்பப்பட்டார். கட்டணக் குறைப்பு உள்ளிட்ட முயற்சிகள் பயன் தரவில்லை. டிரைஃபஸ் அரங்கின் முன் நின்று மக்களைக் கவனித்தார். சுற்றுவட்டாரத்து உழவர்களும் தொழிலாளர்களும், நுழைவாயிலில் விரிக்கப்பட்டிருந்த விலையுயர்ந்த கம்பளத்தைத் தங்கள் சேற்றுக் காலணிகள் பாழாக்கிவிடும் என்று தயங்கியதை அறிந்தார். கம்பளத்தை நீக்கிச் சாதாரண ரப்பர் விரிப்பு போடப்பட்டதும் மக்கள் வரத் தொடங்கினர். குறை மக்களின் ரசனையில் இல்லை, வாயிலின் அமைப்பிலேயே இருந்தது என்பதை உணர்த்திய இந்நிகழ்வைப் பின்னர் தம் நூலில் பதிவு செய்தார்.

தனி அலுவலகம்

இதே காலகட்டத்தில் நியூயார்க்கின் மேசிஸ் பேரங்காடி, தன் விற்பனைப் பொருட்களின் தோற்றத்தைத் திருத்தி அமைக்கும் வேலையை இவருக்கு அளிக்க முன்வந்தது. உற்பத்தியாளருடன் இணைந்து பணியாற்றாமல் முடிந்த பொருளுக்கு மெருகேற்றுவதில் பயனில்லை என்று கருதி டிரைஃபஸ் அவ்வாய்ப்பை மறுத்தார். 1929இல் சொந்தமாக வடிவமைப்பு அலுவலகம் தொடங்கினார். 1930இல் டோரிஸ் மார்க்ஸ் என்பவரை மணந்தார். அலுவலகத்தின் வணிக நிருவாகத்தில் டோரிஸின் பங்கு முக்கியமானது.

பெல் தொலைபேசிகள்

பெல் ஆய்வகம் வருங்காலத் தொலைபேசியின் வடிவத்தை வரைந்து தருமாறு கலைஞர்கள் சிலருக்குத் தலா 1,000 டாலர் அளிக்க முன்வந்தபோது, டிரைஃபஸ் அதையும் மறுத்தார். கருவியின் உள்ளமைப்பை அறிந்து, பொறியாளர்களுடன் சேர்ந்து, உள்ளிருந்து வெளியாகவே வடிவமைக்க வேண்டும் என்பது இவரது நிலைப்பாடு. முதலில் இதனை ஏற்காத பெல் ஆய்வகம், வந்த வரைபடங்கள் நிறைவளிக்காததால் 1930இல் இவரையே அமர்த்தியது. இத்தொடர்பு இவரது வாழ்நாள் முழுவதும் நீடித்தது.

1937இல் வெளிவந்த 302 வகைத் தொலைபேசி, ஒலிவாங்கியையும் கேட்பானையும் ஒரே கைப்பிடியில் கொண்டு, மணியையும் அடிப்பெட்டிக்குள் அடக்கியது. நார்வேயைச் சேர்ந்த ஜீன் ஹைபெர்க் எரிக்சன் நிறுவனத்திற்காக முன்னரே வடிவமைத்த கருவியின் தாக்கம் இதில் தெரிகிறது. 1949இல் அறிமுகமான 500 வகை, அமெரிக்க வீடுகளில் பல பத்தாண்டுகள் பயன்பாட்டில் இருந்தது. இதன் கைப்பிடி தோளுக்கும் காதுக்கும் இடையே பிடித்துக்கொள்ளவும் ஏற்றதாக இருந்தது. மணியோசையின் அளவைப் பயனரே கூட்டவோ குறைக்கவோ முடிந்தது.

இக்கருவியின் சுழல்தட்டில் எண்கள் விரல் துளைகளுக்கு வெளியே இடம் மாற்றப்பட்டன. இதனால் எண்கள் தெளிவாகத் தெரிந்தபோதும், மக்கள் எண்ணைச் சுழற்ற எடுத்துக்கொண்ட நேரம் கூடியது. பெல் ஆய்வகத்தின் உளவியலாளர் ஜான் கார்லின், விரலுக்கு இலக்கு இல்லாமற் போனதே காரணம் எனக் கண்டார். ஒவ்வொரு துளையின் கீழும் ஒரு புள்ளி வைக்கப்பட்டதும் குறை நீங்கியது.

எல்லா முயற்சிகளும் முதலிலேயே வெற்றி பெறவில்லை. 1959இல் வந்த சிறிய பிரின்சஸ் தொலைபேசி எடை குறைவாக இருந்ததால், எண்ணைச் சுழற்றும்போது இடம் நகர்ந்தது. பின்னர் எடை கூட்டப்பட்டது.

பணி முறை

ஒரு பொருளும் மனிதரும் சந்திக்கும் இடத்தில் இடர்ப்பாடு தோன்றினால் அதற்கு வடிவமைப்பாளரே பொறுப்பு என்பது டிரைஃபஸின் அடிப்படைக் கொள்கை ஆகும். பயன்பாடும் பாதுகாப்பும், பராமரிப்பு, செலவு, விற்பனை ஈர்ப்பு, தோற்றம் என்னும் ஐந்து அளவுகோல்களைக் கொண்டு ஒவ்வொரு வடிவமைப்பையும் சோதித்தார்.

பிறரிடம் கேட்டறிவதோடு நில்லாமல் தாமே கருவிகளை இயக்கிப் பார்ப்பது இவரது வழக்கம். உழவு இயந்திரம் ஓட்டினார், துணி துவைத்தார், தையல் இயந்திரத்தையும் தொலைபேசி இணைப்பகப் பலகையையும் இயக்கினார். இன்டிபென்டன்ஸ், கான்ஸ்டிடியூஷன் ஆகிய பயணிகள் கப்பல்களை வடிவமைத்தபோது, முழு அளவு மாதிரி அறைகளை நிலத்தில் கட்டி, பயணப் பெட்டிகளுடன் ஆட்களைத் தங்கவைத்துக் குறைகளைக் கண்டறிந்தார். இன்றைய மென்பொருள் துறையில் முன்மாதிரியைப் பயனரிடம் கொடுத்துச் சோதிக்கும் முறை இதனை ஒத்ததே.

பிற முக்கிய வடிவமைப்புகள்

* ஹூவர் 150 தூசி உறிஞ்சி (1936)
* ஜான் டீர் நிறுவனத்தின் ஏ, பி வகை உழவு இயந்திரங்களின் புதிய வடிவம் (1938)
* நியூயார்க் சென்ட்ரல் நிறுவனத்தின் டுவென்டியத் சென்ச்சுரி லிமிடெட் தொடருந்து (1938)
* ஹனிவெல் வட்ட வெப்பநிலைக் கட்டுப்படுத்தி (1953). வட்டமாக இருப்பதால் சுவரில் சாய்வாகப் பொருத்தினாலும் கோணலாகத் தெரியாது. மூடியைக் கழற்றிச் சுவரின் நிறத்தைப் பூசிக்கொள்ளலாம்.
* ஜான் டீர் நிறுவனத்தின் புதிய தலைமுறை உழவு இயந்திரங்கள் (1960). இவற்றின் இருக்கைக்கு, பின்னாளில் குடியரசுத் தலைவர் கென்னடியின் மருத்துவராக விளங்கிய ஜேனட் டிரவெலின் ஆலோசனை பெறப்பட்டது.
* போலராய்டு எஸ்.எக்ஸ்.-70 ஒளிப்படக்கருவி (1972, இவரது நிறுவனம் போலராய்டுடன் இணைந்து வடிவமைத்தது)

இரண்டாம் உலகப் போருக்குப் பின் உறுப்பிழந்த வீரர்களுக்கான செயற்கை உறுப்புகளின் வடிவமைப்பிலும் பங்காற்றினார்.

நூல்களும் உடலளவியலும்

1955இல் வெளியான டிசைனிங் ஃபார் பீப்புள் என்னும் நூலில் ஜோ, ஜோசபின் என்ற கற்பனை மாந்தர்களை அறிமுகப்படுத்தினார். இவர்களது உடலளவுகளைக் காட்டும் வரைபடங்கள் இவரது அலுவலகத்தில் உருவாக்கப்பட்டவை. ஆல்வின் டில்லி என்னும் பொறியாளர் இப்பணியில் முக்கியப் பங்கு வகித்தார். 1960இல் இவ்வளவுகள் த மெஷர் ஆஃப் மேன் என்ற தொகுப்பாக வெளிவந்தன. சராசரி மனிதருக்கு மட்டும் வடிவமைத்தால் அவரைவிடச் சிறியோரும் பெரியோரும் இடர்ப்படுவர் என்பதால், இதில் அளவுகள் வீச்சாகத் தரப்பட்டன.

எனினும் இத்தரவுகள் பெரும்பாலும் அமெரிக்கப் படைவீரர்களின் அளவுகளைச் சார்ந்திருந்தன. பெண்கள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு இவை போதுமானவை அல்ல என்ற விமரிசனம் எழுந்தது. 1993இல் வெளிவந்த திருத்திய பதிப்பு, ஆண், பெண் இருபாலரையும் தலைப்பிலேயே குறிப்பிட்டு, முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இடமளித்தது.

பல நாடுகளில் வழங்கும் வரைகுறியீடுகளைத் தொகுத்த சிம்பல் சோர்ஸ்புக் 1972இல் வெளியானது. மொழி தெரியாதவரும் கருவியை இயக்க இயலவேண்டும் என்பது இதன் நோக்கம். பக்மின்ஸ்டர் ஃபுல்லர் இதற்கு முன்னுரை எழுதினார்.

இறுதிக்காலம்

அமெரிக்கத் தொழில்துறை வடிவமைப்பாளர் கழகம் 1965இல் அமைக்கப்பட்டபோது டிரைஃபஸ் அதன் முதல் தலைவரானார். 1960களின் இறுதியில் நிறுவனப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். மனைவி டோரிஸ் தீரா நோயுற்றிருந்த நிலையில், 1972 அக்டோபர் 5 அன்று கலிபோர்னியாவின் தெற்குப் பசடேனாவில் இருந்த தம் இல்லத்தில் இருவரும் ஒன்றாக உயிரை மாய்த்துக்கொண்டனர்.

இவரது ஆவணங்கள் நியூயார்க்கில் உள்ள கூப்பர் ஹியூவிட் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. பயனர் தவறு செய்யும்போது அவரைக் குறைகூறாமல் கருவியின் அமைப்பை ஆராயும் அணுகுமுறை, இன்று கணினி இடைமுக வடிவமைப்பின் அடிப்படைகளுள் ஒன்றாக உள்ளது.