கோழிக் கட்டியால் கிடைத்த நோபல் பரிசு

கோழிக்கு வந்த ஒரு கட்டி, ஒரு டாக்டருக்கு நோபல் பரிசு வாங்கிக் கொடுத்தது. ஆனால் அதற்கு அவர் 55 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது!

அவர் பெய்டன் ரவுஸ். அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் 1879-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். டாக்டருக்குப் படித்தபோது, பிணப் பரிசோதனையில் விரல் கீறி, காசநோய் தொற்றியது. ஓராண்டு படிப்பை நிறுத்தி, டெக்சாசில் மாட்டுப் பண்ணையில் இருந்து உடல் தேறினார்.

நியூயார்க் ராக்பெல்லர் ஆராய்ச்சிக் கழகத்தில் சேர்ந்த பிறகு, மார்பில் கட்டியுள்ள கோழி ஒன்று அவரிடம் வந்தது. கட்டியை அரைத்து, பாக்டீரியாவும் புக முடியாத வடிகட்டியில் வடிகட்டினார். அந்தச் சாற்றை வேறு கோழிகளுக்கு ஊசியில் ஏற்றினார். அவற்றுக்கும் புற்றுநோய் வந்தது. அப்படியானால் காரணம் வைரஸ்தான்! 1911-ல் இதை வெளியிட்டார்.

நம்ப மறுத்தனர்

கோழி நோய் வேறு, மனிதனின் புற்றுநோய் வேறு என்று பலர் ஒதுக்கினர். எலிகளில் தேடியும் அத்தகைய வைரஸ் சிக்கவில்லை. 1915-ல் அந்த ஆராய்ச்சியைக் கைவிட்டார். பிறகு ரத்தத்தைக் கெடாமல் சேமிக்கும் முறையைக் கண்டார். முதல் உலகப் போரில் அது காயம் பட்டவர்களைக் காப்பாற்றியது.

1933-ல் ரிச்சர்டு ஷோப் என்பவர் காட்டு முயல்களுக்கு மரு உண்டாக்கும் வைரசைக் கண்டார். அந்த மரு புற்றுநோயாக மாறுவதை ரவுஸ் நிரூபித்தார். 1966-ல், 87-வது வயதில், நோபல் பரிசு வந்தது. 1970 பிப்ரவரி 16-ந் தேதி காலமானார்.

மணியை அறுக்கும் திருடன்

முயல் வைரசின் இனத்தைச் சேர்ந்ததே, பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸ். அது செய்யும் தந்திரம் ரவுஸ் மறைந்த பிறகே தெரியவந்தது.

உடலின் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லும், உள்ளே அன்னியக் கிருமி புகுந்தால் அதன் துணுக்கை வெளியே காட்டும். காவல் செல்கள் அதைப் பார்த்து அழிக்கும். இந்த வைரசின் ஈ-7 என்னும் புரதம், துணுக்கைக் காட்டும் மரபணுவின் வேலையைக் குறைக்கிறது. ஈ-6 என்னும் புரதம், அபாயச் செய்தி அனுப்பும் மரபணுக்களை அடக்குகிறது. வீட்டில் புகுந்த திருடன் முதலில் மணிக் கம்பியை அறுப்பது போலத்தான்!

பெரும்பாலோர் உடலில் வைரஸ் தானே அழிந்துவிடும். தப்பிப் பல ஆண்டு ஒளிந்திருப்பதே புற்றுநோயாகிறது. திருடன் நுழையும் முன்பே கதவை அடைக்க, 2006 முதல் தடுப்பூசி இருக்கிறது. பெண் குழந்தைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் போடுவது நல்லது.

அன்று ஒதுக்கப்பட்ட கோழியின் கதை, இன்று நம் வீட்டுப் பெண்களைக் காக்கிறது.