திருமலையின் தவச்செல்வி வெங்கமாம்பா

திருமலைக்குச் செல்லும் அடியார்கள் தரிசனம் முடிந்ததும் அன்னப்பிரசாதக் கூடத்தில் உணவருந்துகிறார்கள். 2011-ல் திறக்கப்பட்ட அந்தக் கூடம் மாத்ருஸ்ரீ தரிகொண்டா வெங்கமாம்பாவின் பெயரைத் தாங்கியுள்ளது. நாள்தோறும் பல்லாயிரம் பேர் ஒன்றாக அமர்ந்து உண்ணும் இடத்திற்கு, ஊரார் ஒதுக்கிவைத்த ஒரு பெண்மணியின் பெயர் அமைந்திருக்கிறது.

பழைய சித்தூர் மாவட்டத்தில் வாயல்பாடுக்கு அருகிலுள்ள தரிகொண்டா கிராமத்தில் 1730-ல் அவர் பிறந்தார் என்பர். அக்கால வழக்கப்படி சிறு வயதிலேயே திருமணம் நடைபெற்றது. விரைவில் கணவர் காலமானார். தலையை மழித்து, மங்கலச் சின்னங்களைக் களைந்து, வீட்டின் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடப்பதே அன்று கைம்பெண்ணுக்கு விதிக்கப்பட்ட வாழ்க்கை. அவர் அதை ஏற்கவில்லை. வேங்கடவனே தம் நாதன் என்பதில் உறுதியாக நின்றார். ஊர் பகைத்தது.

அந்நாட்களில் அவருக்குப் பற்றுக்கோடாக இருந்தவர் மதனப்பள்ளியைச் சேர்ந்த ரூபாவதாரம் சுப்பிரமணிய சாஸ்திரி. கைம்பெண்ணென்று தயங்காமல் அவருக்கு யோக நெறியை உபதேசித்த பெருமகனார் இவர். ஊர் முழுவதும் முகம் திருப்பிக்கொள்ளும்போது ஒருவர் நம்மை மதித்துப் பேசினால் அது எத்தகைய பலம் என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். மற்றொரு துணை, உள்ளூர்க் கோயிலில் எழுந்தருளியுள்ள லட்சுமி நரசிம்மர். பின்னாளில் திருமலையில் வாழ்ந்தபோதும் தம் நூல்களை அந்தப் பெருமானுக்கே வெங்கமாம்பா சமர்ப்பித்தார். வேங்கடவனையும் அவரையும் ஒருவராகவே கண்டார்.

திருமலையிலும் தொடக்கத்தில் நிம்மதி கிட்டவில்லை. அண்டை வீட்டாரின் தொல்லையால் தியானம் தடைப்பட்டதாகவும், அதனால் அவர் தும்புரு தீர்த்தத்தை நாடியதாகவும் வரலாறு கூறுகிறது. பாபவிநாசத்துக்கு அப்பால், அடர்ந்த காட்டிலுள்ள அந்தப் பள்ளத்தாக்குக்குப் பங்குனிப் பௌர்ணமியன்று இன்றும் அடியார்கள் நடந்து செல்கிறார்கள். அங்கே அவர் நெடுங்காலம் தவமியற்றினார். பிறர் விலக்கியதால் நேர்ந்த தனிமையை முன்பே அனுபவித்தவர், இப்போது தாமே விரும்பி ஏகாந்தத்தை ஏற்றார். தமிழில் இரண்டையும் பெரும்பாலும் தனிமை என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். அதனால்தானோ என்னவோ, ஒன்றின் துயரை மற்றதன் தலையில் ஏற்றிவிடுகிறோம்.

காட்டிலேயே அவர் தங்கிவிடவில்லை என்பதையே முக்கியமாகக் கருதவேண்டும். தம்மைத் தொல்லைப்படுத்திய மனிதர்களிடையே அவர் திரும்பி வந்தார். வேங்கடாசல மாகாத்மியம், துவிபத பாகவதம் முதலிய நூல்களைத் தெலுங்கில் இயற்றினார். நரசிம்ம ஜெயந்தியையொட்டி யாத்திரிகர்களுக்குத் தண்ணீரும் உணவும் வழங்க ஏற்பாடு செய்தார். 1817-ல் திருமலையிலேயே மறைந்தார். அவரது சமாதி இன்றும் அங்குள்ளது.

அவருக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே மறைந்தவர் தாளப்பாக்கம் அன்னமாச்சாரியார். ஆயினும் ஏகாந்த சேவையில் அவ்விருவரும் இரவுதோறும் இணைகிறார்கள். அன்னமாச்சாரியாரின் வழிவந்தோர் தாலாட்டுப் பாட, வெங்கமாம்பாவின் பெயரால் முத்து ஆரத்தி எடுக்கப்படுகிறது. அதன் பின்னரே சந்நிதிக் கதவு சாத்தப்படுகிறது.