விண்மீன் அளந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரியார்

பொங்கல் விடுமுறையில் யாம் தோழர் இருவருடன் கொல்லிமலை சென்று செம்மேட்டில் ஓரிரவு தங்கினோம். நிலவற்ற வானம் மீன்களால் நிறைந்திருந்தது. தெற்கே, அகத்திய மீனுக்கு வலப்புறம் தாழ, ஒரு சிறு மீனைக் கண்டு, பலாமரத்தின் உச்சிக் கிளைக்கு நேரே பார்க்குமாறு தோழன் ஒருவனுக்குச் சொன்னோம். அவன் போர்வையைத் தேடிப் போர்த்துக்கொண்டு வருவதற்குள் அம்மீன் கிளையைக் கடந்து போயிற்று. மரத்தை அடையாளமாக வைத்து மீனைக் குறித்தல் இயலாது என்பதை அன்று உணர்ந்தோம். அவ்வான்பகுதியிலேயே ஒரு மீனின் மாற்றத்தைக் கண்டு புகழ்பெற்ற நம் நாட்டவர் ஒருவரின் நினைவும் உடன் எழுந்தது. அவரே சிந்தாமணி இரகுநாதாச்சாரியார்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியார் வானாராய்ச்சி நிலையம் ஒன்றை அமைத்தனர். அங்குத் தலைமை வகித்த டெய்லர் என்பார் 11,015 மீன்களின் இடங்களை அளந்து, 1844-இல் பெரியதோர் அட்டவணையாக வெளியிட்டார். இந்நிலையத்தில் இளமையிலேயே பணியிற் சேர்ந்த இரகுநாதாச்சாரியார், தம் உழைப்பால் முதல் உதவியாளராக உயர்ந்தார். 1861-இல் போக்சன் தலைமை ஏற்றார். மறு ஆண்டு முதல், புதிய கருவி கொண்டு மற்றோர் அட்டவணைக்கான பணி தொடங்கிற்று.

அக்கருவி வடக்குத் தெற்காக மட்டுமே திரும்பும் தொலைநோக்கியாகும். மீன் உச்சிக்கோட்டைக் கடக்கும் கணத்தைக் கடிகாரம் காட்டும். அப்பொழுது அது நிற்கும் உயரத்தை, பாகைகள் நுண்ணிதாகப் பொறிக்கப்பட்ட வட்டம் காட்டும். இவ்விரண்டினின்றும், காற்று ஒளியை வளைப்பதால் நேரும் பிழையையும் கருவியின் பிழையையும் நீக்கினால், அம்மீனின் இடம் எவ்வூராரும் எக்காலத்தும் தேடிக் காணத்தக்கதாய் நிலைபெறும். ஒரு மீனையே பல இரவுகள் அளத்தல் வேண்டும். ஊர் உறங்க, தாம் விழித்திருந்து, இரகுநாதாச்சாரியார் இவ்வாறு அளந்த அளவுகள் பல்லாயிரம்.

வலைவடிவ மண்டலத்தில் 1864-இல் குறிக்கப்பட்ட ஒரு மீன், 1866-இல் அவ்விடத்தில் காணப்படவில்லை. 1867-இல் மீண்டும் தோன்றிய அதனை அளந்த அவர், அஃது ஒளி மாறும் மீன் என நிறுவினார். ஏறத்தாழ ஒன்பது திங்களுக்கு ஒருமுறை அதன் ஒளி வளர்ந்து குன்றும். முன்னர் அதன் இடம் செம்மையாக எழுதப்பட்டிராவிடில், இல்லாமையை யார் அறிந்திருப்பர்? 1872-இல் இலண்டன் அரச வானியற் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது.

தாம் அறிந்ததைத் தம்மளவில் வைத்துக்கொள்ள அவர் விரும்பினாரல்லர். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடக்கும் நிகழ்ச்சியைப் பொதுமக்களும் அறியுமாறு நூல் எழுதி, நம் நாட்டு மொழிகளிலும் பரவச் செய்தார். பழைய வாய்பாடுகளுடன் நில்லாது, வானத்தில் கண்டதற்குப் பஞ்சாங்கம் இயைதல் வேண்டும் என வாதாடினார். மரபு வழிப்பட்டோர் பலர் எதிர்த்தனர். நூலையும் வானையும் ஒருங்கே கற்றவராதலின், அவர் தளர்ந்தாரல்லர்.

ஆயினும் அட்டவணையை அச்சில் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. 1880-இல் அவர் மறைந்தார். முதற் தொகுதி 1887-இல்தான் வெளிவந்தது. 1891-இல் போக்சனும் மறைய, 5,303 மீன்களின் முழு அட்டவணை 1899-இல் அச்சேறியது. அவ்வாண்டிலேயே வானாராய்ச்சிப் பணியும் கோடைக்கானலுக்கு மாறிற்று.

பழைய நிலையத்தின் கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கத்தில் நிற்கிறது. வேலையின் பயனை உடனே காண விழையும் மாணவராகிய நாம், பயனைக் காணாமலே அளவில் பிழை புகாது காத்த அப்பெரியாரை எண்ணிப் பார்த்தல் நன்று. கொல்லிமலையில் யாம் தவறவிட்ட சிறுமீன் எதுவென இன்னும் அறியோம். அடுத்த முறை செல்லுங்கால், மரக்கிளையை நம்பாது, மீன் அட்டவணையும் கடிகாரமும் கொண்டு செல்லத் துணிந்துள்ளோம்.