மதுரை சுல்தானை வில்லனாக்கிய இளவரசி: யார் இந்த கங்காதேவி? படவேட்டுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

கொரிய சீரியல் பார்க்கிறவங்களுக்கு யொன்சான்குன் என்ற மன்னரின் கதை கொஞ்சமாவது தெரிஞ்சிருக்கும். 1506-ல் அரியணையிலிருந்து இறக்கப்பட்ட கொடுங்கோலர். அவர் காலத்தை வைத்து இன்றைக்கும் இளைஞர்களுக்கான நாவல்கள் வருது. கொடுங்கோல் அரசன், அவனை வீழ்த்தும் இளவரசன், நடுவில் ஒரு காதல். இதே ஃபார்முலாவில் 14-ம் நூற்றாண்டிலேயே ஒரு பெண் காவியம் எழுதியிருக்கார். அதில் முதல் பெரிய போர் நடக்கிறது நம்ம ஆரணி பக்கத்துப் படவேட்டில்.

யார் இவர்?

விஜயநகரப் பேரரசை நிறுவிய சகோதரர்களில் ஒருவர் புக்கர். அவருடைய மகன் குமார கம்பணன். கம்பணனின் மனைவிதான் கங்காதேவி. கணவரின் தென்னகப் படையெடுப்பை வைத்து அவர் சமஸ்கிருதத்தில் எழுதியது 'மதுரா விஜயம்'. 'வீரகம்பராய சரிதம்' என்றும் பெயர் உண்டு.

அரண்மனையில் பொழுதுபோகாமல் எழுதியதுன்னு நினைச்சுடாதீங்க. வால்மீகி, காளிதாசர், பாணர் என முன்னோடிகளை வரிசையாகப் போற்றிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார். தெலுங்குக் கவிஞர் திக்கனாவும் அந்தப் பட்டியலில் இருக்கார். தன் ஆசிரியர் விசுவநாதருக்கும் மறக்காமல் நன்றி சொல்றார். முறையாகப் படித்த எழுத்தாளர் என்பது தெளிவாகத் தெரியுது.

மதுரையில் அப்போ என்ன நடந்தது?

டெல்லி சுல்தான் முகமது பின் துக்ளக்கின் ஆளுநராக இருந்த ஜலாலுதீன் அசன் கான், 1335 வாக்கில் மதுரையில் தனி ஆட்சியை அறிவித்தார். பின்னாடி வந்த கியாசுதீன் தம்கானியின் ஆட்சி ரொம்பக் கொடூரமானது. இதற்கு முக்கிய சாட்சி அவருடைய சொந்த சகலை. உலகம் சுற்றிய மொராக்கோ பயணி இபின் பதூதாதான் அவர். இருவரும் ஜலாலுதீனின் மகள்களை மணந்தவர்கள். கைதிகளைக் கழுவில் ஏற்றியது, பெண்கள், குழந்தைகளைக்கூட விடாமல் கொன்றது எல்லாவற்றையும் அதிர்ச்சியோடு பதிவு செய்திருக்கார். அதனால் இதை இரண்டு மதங்களுக்கு நடுவே நடந்த சண்டையா மட்டும் சுருக்கிவிட முடியாது.

கங்காதேவியின் காவியத்தில் ஒரு பெண் கம்பணன் முன் தோன்றி மதுரையின் நிலையைச் சொல்கிறாள். கரையான் அரித்த கோயில் கதவுகள், இடிந்து விழும் ஸ்ரீரங்கம் என நீளும் அந்தக் காட்சி முடிந்ததும், பாண்டியர்களின் வாளை அவன் கையில் கொடுக்கிறாள்.

படவேடு எங்கே வருது?

அதுக்கு முன்னாடியே ஒரு போர் முடிஞ்சிருக்கும். 1360-களின் தொடக்கத்தில் கம்பணன் முல்பாகல் வழியாக வந்து, பாலாற்றங்கரையில் விரிஞ்சிபுரத்தில் முகாம் போட்டார். எதிரில் நின்றவர் படைவீட்டைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட சம்புவராய மன்னர். அந்தப் படைவீடுதான் இன்றைய படவேடு. சோழர்களின் கீழ் சிற்றரசர்களாக இருந்து, பாண்டியர் ஆட்சி சரிந்த பிறகு தனி அரசானவர்கள் சம்புவராயர்கள். நிலத்தை வென்று கொண்டவர் என்ற பொருளில் 'வென்றுமண்கொண்டார்' என்ற பட்டப்பெயரும் அவர்கள் வம்சத்தில் உண்டு.

காவியப்படி, தோற்ற மன்னர் ராஜகம்பீரன் மலைக்கோட்டைக்குள் போகிறார். கம்பணன் கோட்டையை முற்றுகையிட்டு, நேருக்கு நேர் வாள்சண்டையில் அவரைக் கொல்கிறார். ஆனால் பிற்காலத் தெலுங்கு நூலான 'ஜைமினி பாரதம்' வேறு கதை சொல்லுது. அதில் கம்பணனின் தளபதி சாளுவ மங்கு, சம்புவராயரை வென்று, நாட்டை அவரிடமே திருப்பிக் கொடுக்கிறார்.

இங்கேதான் கவனிக்கணும். மதுரை சுல்தான் கொடுங்கோலர் என்பதற்கு வெளிச்சாட்சி இருக்கு. சம்புவராயர் செய்த குற்றம்? மதுரைக்குப் போகும் வழியில் அவர் நாடு இருந்தது. மதுரையை மீட்கும் கதையில் அவர் தாண்டிப்போக வேண்டிய ஒரு தடை, அவ்வளவுதான். எழுதியவர் வென்றவரின் மனைவி என்பதை மறக்காமல் படிக்கணும்.

கிளைமாக்ஸ் உண்மையா?

காவியத்தில் சுல்தானைக் கம்பணனே வெட்டி வீழ்த்துகிறார், மதுரை மீள்கிறது. 1371-ல் தளபதி கோபண்ணா ஸ்ரீரங்கம் பெருமாளின் திருமேனியைத் திரும்பக் கொண்டுவந்ததைக் கல்வெட்டு உறுதி செய்கிறது. ஆனால் மதுரை சுல்தான்களின் நாணயங்கள் 1377-78 வரை கிடைக்கின்றன. அதாவது, காவியம் சொல்வதுபோல ஒரே வெட்டில் எல்லாம் முடியவில்லை.

கம்பணனுக்கும் முடிசூடும் வாய்ப்பு அமையவில்லை. 1374 வாக்கில், அப்பா புக்கருக்கு முன்பே இறந்துவிட்டார். 1377-ல் அரியணை ஏறியது இரண்டாம் ஹரிஹரர்.

அந்த நூல் என்ன ஆனது?

பல நூற்றாண்டுகள் கண்ணில் படவே இல்லை. 1916-ல் திருவனந்தபுரத்தில், ஒரு தனியார் நூலகத்தில் பண்டிதர் ராமசாமி சாஸ்திரி கண்டுபிடித்தார். தொடர்பே இல்லாத இரண்டு நூல்களுக்கு நடுவில் கட்டப்பட்டிருந்த ஒரே ஓலைச்சுவடி. அதிலும் சில பகுதிகள் சிதைந்திருந்தன. பிறகு தமிழில் ஸ்ரீ வேணுகோபாலன் எழுதிய 'திருவரங்கன் உலா', 'மதுரா விஜயம்' நாவல்கள் இந்தக் காலத்தைப் பல வாசகர்களிடம் கொண்டுசேர்த்தன.

ரேணுகாம்பாள் கோயிலுக்குப் படவேடு போறவங்க சுற்றியிருக்கிற மலைகளைக் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்க. கம்பணன் பக்கக் கதையைச் சொல்ல ஒரு காவியம் இருக்கு. சம்புவராயர் பக்கத்துக்கு இந்த வட்டாரக் கோயில்களில் இருக்கிற கல்வெட்டுகள்தான் சாட்சி.