வெடிப் புகைக்குக் கணக்குச் சொன்ன வக்கீல்

கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டுவிட்டன. ஆயினும் அங்கே பாடுபட்டவர்கள் ஒரு விதியை மறந்திருக்க மாட்டார்கள். வெடி வைத்த இடத்துக்குப் புகை விலகும் முன் போகக் கூடாது. ஒரு கைப்பிடி மருந்து அவ்வளவு புகையை எப்படிக் கக்குகிறது? அந்தக் கணக்குக்கு வழி காட்டியவர் இத்தாலி நாட்டு அமெடியோ அவகாட்ரோ.

1776-இல் டூரின் நகரில் பிறந்தார். வக்கீல் குடும்பம். இருபது வயதிலேயே சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றுத் தொழிலில் இறங்கினார். மனமோ பௌதிகத்தையும் கணிதத்தையும் நாடிற்று. 1809-இல் வெர்செல்லி என்ற ஊரில் ஆசிரியரானார். கோர்ட்டுக்கு நஷ்டம், ரசாயனத்துக்கு லாபம்!

1811-இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இது: வெப்பமும் அழுத்தமும் ஒன்றாக இருந்தால், சம அளவு வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் சமம். எந்த வாயுவானாலும் சரி. ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் சேர்ந்திருக்கின்றன என்றும் சொன்னார். ஒரே இன அணுக்கள் சேரா என்று நம்பிய டால்டன் போன்ற பெரியவர்கள் இதை ஏற்கவில்லை.

டஜன் என்றால் 12. மோல் என்றால் சுமார் 602-க்குப் பின் 21 சைபர். 2 கிராம் ஹைட்ரஜனும் ஒரு மோல், 32 கிராம் ஆக்சிஜனும் ஒரு மோல். எடை வேறு. ஆனால் 0 டிகிரி சென்டிகிரேடில், சாதாரணக் காற்றழுத்தத்தில், இரண்டும் அடைக்கும் இடம் 22.4 லிட்டரே.

1820-இல் டூரினில் பேராசிரியரானார். அடுத்த ஆண்டு எழுந்த அரசியல் கலகத்தைத் தொடர்ந்து பதவி பறிபோய், 1834-இல்தான் திரும்பக் கிடைத்தது. அவர் அங்கே பணியிலிருந்த 1847-இல், அதே நகரில் சொப்ரேரோ என்பவர் நைட்ரோகிளிசரினைக் கண்டுபிடித்தார். நோபல் அதைப் பக்குவப்படுத்தி டைனமைட் செய்தார்.

நைட்ரோகிளிசரின் 227 கிராம் ஒரு மோல். அது வெடித்தால், நீராவியையும் சேர்த்து, 7.25 மோல் வாயு. ஆகவே ஒரு கிலோவுக்குச் சுமார் 715 லிட்டர்! இது 0 டிகிரிக் கணக்கு. வெடிக்கும் சூட்டில் பல மடங்கு விரியும். பாறையைப் பிளப்பது அந்த விரிவே. மருந்து சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடும் கலந்திருக்கும். அந்த விஷத்துக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

1856-இல் அவகாட்ரோ காலமானார். நான்கு ஆண்டுகள் கழித்து, ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய ரசாயன அறிஞர்களிடம் கனிசாரோ என்ற இத்தாலியர் அவர் கொள்கையை எடுத்து வைத்தார். அதன் பிறகே உலகம் காது கொடுத்தது. மோலின் எண்ணிக்கையை அவகாட்ரோ கணக்கிட்டதே இல்லை. 1909-இல் பிரெஞ்சு விஞ்ஞானி பெரின்தான் அந்த எண்ணுக்கு அவர் பெயரைச் சூட்டினார்.