மயர்ஹோவ்: பாடப்புத்தகம் சொல்லாத அகதி வாழ்க்கை

உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்குக் கிளைக்கோப்பகுப்பு என்ற சொல் பழக்கமானது. நாம் உண்ணும் சோற்றிலிருந்து வரும் குளுக்கோசு, கலத்துக்குள் பத்துப் படிகளில் உடைந்து சக்தி தரும் செயற்பாடு அது. ஒவ்வொரு படியையும் ஒரு நொதியம் நடத்துகிறது. இந்தப் பாதைக்கு எம்டன், மயர்ஹோவ், பர்னாஸ் என்ற மூவரின் பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. ஊடகக் கற்கை படித்த எனக்கு, அந்தப் படிகளைவிட மயர்ஹோவ் கடந்த எல்லைகளே முதலில் கண்ணில் பட்டன.

ஒட்டோ மயர்ஹோவ் 1884இல் ஜேர்மனியின் ஹனோவர் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். பதின்ம வயதில் சிறுநீரக நோயால் நீண்டகாலம் படுக்கையில் கிடந்தார். மருத்துவம் படித்தார். உணவிலுள்ள சக்தி எவ்வாறு உடலின் உழைப்பாகிறது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது.

விடையைத் தவளையின் தசையில் தேடினார். ஒட்சிசன் இல்லாமல் வேலைசெய்யும் தசை, தன்னிடமுள்ள கிளைக்கோசனை இலக்ரிக் அமிலமாக்குகிறது. ஒட்சிசன் கிடைத்ததும் அந்த அமிலத்தில் ஒரு பகுதியே எரிகிறது என்று அளந்து காட்டினார். 1922ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசை ஆர்ச்சிபோல்ட் ஹில்லுடன் பகிர்ந்துகொண்டார்.

பின்னர் தசையிலிருந்து நொதியங்களைச் சாறாகப் பிரித்தெடுத்தார். உயிருள்ள கலம் இல்லாமலே அந்தச் சாறு கிளைக்கோசனை உடைத்தது. குளுக்கோசைப் பெரிதாகத் தொடவில்லை. மதுவத்திலிருந்து எடுத்த நொதியமொன்றைச் சேர்த்ததும் குளுக்கோசும் உடைந்தது. அப்பமாவைப் புளிக்கவைக்கும் மதுவமும் விலங்கின் தசையும் சீனியை ஏறக்குறைய ஒரே வழியில்தான் உடைக்கின்றன என்பது தெளிவாகத் தொடங்கியது. கலங்களின் சக்தி நாணயமான ஏ.ரி.பி.யை 1929இல் கண்டறிந்த கார்ல் லோமானும் அவரது ஆய்வுகூடத்தவரே.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். மயர்ஹோவ் அப்போது ஹைடல்பேர்க்கில் இருந்தார். 1935இல் அவருடைய பேராசிரியர் பதவி பறிக்கப்பட்டது. 1938இல் பாரிஸுக்குத் தப்பினார். 1940இல் ஜேர்மன் படை அங்கும் வந்தது. மீண்டும் இடம்பெயர்வு. பிரான்சின் தெற்குக்குப் போய், பிரெனீஸ் மலைகளைக் கடந்து, ஸ்பெயின், போர்த்துக்கல் வழியாக அமெரிக்காவை அடைந்தபோது வயது 56. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது. 1944இல் மாரடைப்பு வந்தும் ஆய்வை விடவில்லை. 1951 ஒக்டோபரில் பிலடெல்பியாவில் இறந்தார்.

பர்னாஸுக்கு அந்த வழியும் கிடைக்கவில்லை. போலந்தில் பணியாற்றிய அந்த யூத விஞ்ஞானி, 1949இல் மொஸ்கோவில் கைதாகிச் சோவியத் காவலிலேயே இறந்தார்.

உடுத்த உடுப்புடன் ஊரைவிட்டு வெளிக்கிட்டவர்களுக்கு, நோபல் பரிசுகூட ஒரு மனிதரின் வீட்டுக்குக் காவலாகாது என்று விளக்கத் தேவையில்லை. ஹைடல்பேர்க்கில் இன்று அவர் பெயரில் ஒரு கட்டடம் இருக்கிறது. துரத்திவிட்டுப் பெயர் சூட்டுவது இலகு. அவர் அங்கே செய்திருக்கக்கூடிய ஆய்வுகளையும், உருவாக்கியிருக்கக்கூடிய மாணவர்களையும் எந்தக் கட்டடமும் திருப்பித் தராது. பரீட்சையில் கேட்கப்படாவிட்டாலும், கிளைக்கோப்பகுப்பைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.