பிரான்ஸ் லிஸ்ட்: ஈகையால் நிலைத்த புகழ்

சபையோரின் கரகோஷத்தைக் கலைஞன் தன் வித்தையால் பெறலாம். அவர்தம் அன்பை நெடுநாள் பெற்றிருப்பதற்கு வித்தை மட்டும் போதாதென்பது நமது துணிபு. இதற்குச் சான்றாக, பியானோ வாத்தியத்தில் ஐரோப்பா முழுதும் பெயர் பெற்று விளங்கிய பிரான்ஸ் லிஸ்ட் என்பாரின் வரலாற்றை இம்மாதம் நம் அன்பர்கட்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

இவர் 1811ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் தேதி, அக்காலத்தில் ஹங்கேரியைச் சேர்ந்திருந்த ரைடிங் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் ஆதாம், எஸ்டர்ஹாஸி பிரபுவின் பண்ணையில் உத்தியோகம் பார்த்தவர். இசையறிவு மிக்கவராயினும் செல்வர் அல்லர். 1820இல் பிரஸ்பர்க் நகரில் ஒன்பது வயதுப் பாலகனின் வாசிப்பைக் கேட்டு வியந்த பிரபுக்கள் சிலர், அவன் கல்விக்கென ஆண்டுக்கு 600 புளோரின் வீதம் ஆறாண்டுகட்கு உதவ முன்வந்தனர். வியன்னாவில் செர்னி என்னும் ஆசான், குடும்பத்தின் நிலையறிந்து ஊதியம் கொள்ளாமலே கற்பித்தார். இவ்விரண்டு உபகாரங்களையும் லிஸ்ட் தம் வாழ்நாளில் மறந்தாரில்லை.

1838இல் டான்யூப் நதி பெருகிப் பெஸ்ட் நகரை அழித்தது. வெனிஸ் நகரில் தங்கியிருந்த லிஸ்ட் செய்தியறிந்து வியன்னாவுக்கு விரைந்து, கச்சேரி நடத்திப் பெருந்தொகை திரட்டி, வீடிழந்தோர்க்கு அனுப்பினார். பான் நகரில் பீத்தோவனுக்குச் சிலை நாட்ட எழுந்த முயற்சி பொருளின்றித் தளர்ந்தபோது, 1839இல் தம் கைப்பொருளிலிருந்து 10,000 பிராங்க் தர வாக்களித்தார். 1845 ஆகஸ்டில் அச்சிலை திறக்கப்பெற்றது.

இக்காலத்தில் மக்கள் இவர்பால் கொண்ட மோகம் எல்லை கடந்தது. பெர்லின் நகரில் இவருடைய கைக்குட்டைக்கும் கையுறைக்கும் பெண்டிர் போட்டியிட்டனர். கவிஞர் ஹைனே இம்மயக்கத்திற்கு 1844இல் ஒரு நோயின் பெயர்போற் பெயரிட்டார். இவர் புகழை வேண்டியே வாரி வழங்கினார் என்று குறை கூறினாரும் உளர். லிஸ்ட் ஆடம்பரப் பிரியர் என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை. எனினும் பின்னர் நிகழ்ந்தது அக்குறைக்கு விடை பகர்கின்றது.

1847இல், முப்பத்தைந்தே வயதில், புகழின் உச்சியில் இருந்தபோதே, பணத்திற்கு வாசிப்பதை லிஸ்ட் அடியோடு நிறுத்தினார். பின்பு மேடையேறியதெல்லாம் பெரும்பாலும் அறச்செயல்களின் பொருட்டே. அடுத்த ஆண்டு வைமார் நகரில் குடியமர்ந்து, நாடு கடந்து வாழ்ந்த வாக்னரின் லோஹென்கிரின் என்னும் இசைநாடகத்தை 1850இல் முதன்முதலாக அரங்கேற்றினார். தேடி வந்த மாணாக்கர்க்கு, முதுமையிலும், ஊதியம் பெறாமலே கற்பித்தார். புடாபெஸ்டில் 1875இல் நிறுவப்பெற்ற இசைக்கழகத்திற்கு முதல் தலைவராயினார்; இன்று அக்கழகம் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. 1886 ஜூலை 31ஆம் தேதி பைராய்ட் நகரில் அவர் காலமானார்.

கையுறைக்குப் போட்டியிட்ட கூட்டம் சில ஆண்டுகளிற் கலைந்தது. அவரிடம் இலவசமாகக் கற்ற மாணாக்கரோ ஆசான் பெயரை உலகெங்கும் எடுத்துச் சென்றனர். அவருள் ஒருவரான தோமான், பிற்காலத்தில் பார்டோக் என்னும் பெரும் இசைப் புலவருக்கு ஆசிரியராயினார். கொடை மறைவதில்லை, கைமாறிச் செல்கின்றது.

அன்பர்காள்! இவ்வரலாற்றின் வேரை நாடினால், ஏழைச் சிறுவன் ஒருவனுக்குச் சிலர் கூடி அளித்த உதவித் தொகையும், ஓர் ஆசான் வாங்க மறுத்த சம்பளமுமே காணப்படுகின்றன. இசை பயிலும் நம் இளைஞர்கட்கு நாம் கூறுவது இதுவே: கேட்போரைக் கவரும் வழிகளை ஆராயுமுன், நுமக்கு உதவியோரை நினைமின், பெற்றதைப் பிறர்க்கு ஈமின். ரஸிகரின் அன்பு தானே பின்தொடரும்.